ஓம் சேர், தண்ணி குடிக்கிறன்

ஆண் தாதியாக இருப்பதில் முதல் தொல்லை, பிள்ளைகளுக்கு என்னை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாதது. எங்கள் பக்கத்தில் தாதி என்றால் மிசி. மீசை வைத்தவனை மிசி என்று கூப்பிட யாருக்கு வாய் வரும்? அதனால் தீவுப் பள்ளிக்கூடங்களில் எனக்கு 'மிசி சேர்' என்று பெயர் விழுந்துவிட்டது.

இரண்டாவது தொல்லை என் வயிறு. ஆஸ்பத்திரியில் ஒல்லியான தாதிமார் எத்தனையோ பேர் இருக்க, வளர்ந்த பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு, நல்ல பழக்கம் பற்றிப் பேசுகிற வேலையை என்னிடம் தந்தவர் பெரிய பகிடிக்காரராக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கடல் நடுவே போகிற தெருவில் காற்றோடு மல்லுக்கட்டி மோட்டார் சைக்கிளில் வேலணைத் தீவுக்கு வந்து சேர்ந்தால் பசி பிடுங்கும். அங்கே ஒரு தேத்தண்ணிக் கடையில் மீன் றோல்ஸ் சாப்பிடுவேன். பிறகு போய், எண்ணெயில் பொரித்ததைக் குறையுங்கள் என்று சொல்லுவேன். விரலில் எண்ணெய் மணம் அப்போதும் போயிருக்காது.

ஒருநாள் பின்வாங்கிலிருந்து ஒரு பெடியன் எழும்பி, பவ்வியமாகக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"சேர் சொல்லுறபடி எல்லாம் செய்தா, கடைசியில சேர் மாதிரி வருவமோ?"

வகுப்பு உருண்டு சிரித்தது. சொன்னபடி செய்யாமல் விட்டதால் வந்ததுதான் தம்பி இது என்று வயிற்றைத் தட்டிக் காட்டினேன். அந்தப் பதில் பேச்சைவிட நன்றாக எடுபட்டது. அதற்குப் பிறகு வயிற்றையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டேன்.

சோடாவைக் குறையுங்கள், காலைச் சாப்பாட்டை விடாதேயுங்கள், நேரத்துக்கு நித்திரை கொள்ளுங்கள் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் தண்ணீருக்கு வருவேன். நல்லாத் தண்ணி குடியுங்கோ என்றதும் பெடியள் ஒருவரையொருவர் இடித்துச் சிரிப்பார்கள். அவர்கள் நினைத்த தண்ணி வேறு. பெட்டைகள் சிரிக்க மாட்டார்கள். எல்லாரும் ஒரே குரலில் "ஓம் சேர்" என்பார்கள்.

இந்த ஓமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெறும் 'ஓம்' என்றால் கேட்டது என்று அர்த்தம். இழுத்து 'ஓஓம்' என்றால் கெதியாய்ச் சொல்லி முடி. 'ஓமோம்' என்றால் உன்னை நம்ப நான் என்ன விசரனோ. இவற்றில் ஒன்றுகூட 'நீ சொன்னதைச் செய்வேன்' என்ற வாக்குறுதி அல்ல. கடல் தாண்டி ஓர் உத்தியோகத்தன் மெனக்கெட்டு வந்து நிற்கிறான். அவன் முகத்துக்கு நேரே ஏலாது என்று சொல்வது மரியாதையில்லை, அவ்வளவுதான். நானும் இங்கே பிறந்தவன், வீட்டில் மனைவி சொல்வதற்கெல்லாம் அதே ஓமைப் போடுகிறவன். அப்படியிருந்தும் பள்ளிக்கூடத்தில் கேட்ட ஓமையெல்லாம் நம்பி, தீவு முழுக்கத் தண்ணீர் குடிக்கிறது என்ற சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வேலணைப் பள்ளிக்கூடமொன்றில் ஒரு பிள்ளையை என்னிடம் அனுப்பினார்கள். பத்தாம் வகுப்பு. தகப்பன் கடற்றொழில். நல்ல உயரம், வலைப்பந்து அணியில் கூடைக்குள் பந்தைப் போடுகிறவள். அணி வென்று வென்று, யாழ்ப்பாணத்தில் நடக்கிற அடுத்த கட்டப் போட்டிக்குப் போகவிருந்தது. ஆனால் அவளுக்கு அடிக்கடி தலையிடி, சலம் போகும்போது எரிகிற சலக்கடுப்பு. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தால் மாறும், பிறகு திரும்பி வரும். பயிற்சியில் மயங்கியும் விழுந்துவிட்டாள். இன்னொரு தரம் விழுந்தால் கூட்டிக்கொண்டு போக ஏலாது, போய் மிசி சேரோடு கதைத்துச் சுகப்படுத்திக்கொண்டு வா என்று விளையாட்டு ஆசிரியை சொல்லிவிட்டார்.

பெண்பிள்ளைகளோடு தனியே கதைக்க வேண்டி வந்தால் பிரசவம் பார்க்கிற எங்கள் பகுதி மருத்துவமாது அக்காவையும் கூட்டிப் போவேன். அக்கா ஒரு கதிரையில் இருந்து என் பிஸ்கற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தா.

"பிள்ளை, தண்ணி குடிக்கிறனீரோ?"

"ஓம் சேர்."

மேசையில் அவளுடைய போத்தல். கழுத்து வரை தண்ணீர். நேரமோ மத்தியானம் கடந்துவிட்டது. காலமை நிரப்பினதோ என்று கேட்டேன். ஓம் சேர். இதிலிருந்து குடித்தனீரோ? ஓம் சேர். அப்படியென்றால் இது ஊறுகிற போத்தலோ என்று கேட்டேன். அதற்கும் ஓம் என்றாள்.

எனக்கு விசர் ஏறியது. கரும்பலகையில் சிறுநீரகம் கீறினேன். அது மரமுந்திரிக்கொட்டை மாதிரி வந்தது. அதைக் காட்டி நெடுக விளங்கப்படுத்தினேன். ஒவ்வொரு வசனத்துக்கும் ஓர் ஓம். கடைசியில் பொறுமை போய்விட்டது.

"சரி. இப்ப என்ர முன்னால முழுப் போத்தலையும் குடியும் பாப்பம்."

மூடியைத் திறந்தாள். கண் நிறைந்துவிட்டது. திரும்ப மூடினாள்.

"ஏலாது சேர்."

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதல் கேட்டேன். அக்கா பிஸ்கற்றைக் கீழே வைத்தா.

"தம்பி, நீர் கொஞ்சம் வெளியில போய் நில்லும்."

வெளியே போய் வெயிலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து விஷயத்தைச் சொன்னா. பெட்டைகளின் மலசலகூடத்தில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மற்றதில் தண்ணீர் வராது. உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பெடியள் மைதானத்துக்குப் போகிற வழியும் அதுதான். ஆகவே பெட்டைகள் எல்லாரும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து வெளிக்கிட்டால் வீடு திரும்பும் வரை ஒரு சொட்டும் குடிப்பதில்லை. மற்றவர்கள் மத்தியானத்தோடு போய்விடுவார்கள். இவளுக்குப் பயிற்சி முடிய பொழுது சாய்ந்துவிடும்.

இதை ஏன் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உம்மட்டையோ? மீசையோட வந்து நிண்டு தண்ணி குடி, தண்ணி குடியெண்டா, அதுகள் என்னத்தைச் சொல்லுறது?"

"அப்ப நீங்கள் கேட்டிருக்கலாமே அக்கா?"

அக்கா கையில் ஒட்டிய பிஸ்கற்றுத் தூளைத் தட்டினா. "கேட்டனான். எனக்கும் ஓம் எண்டுதான் சொன்னதுகள்."

அதிபரிடம் போனேன். நல்ல மனுஷன். உடனே தேத்தண்ணி வரவழைத்தார். மேலே அறிவித்திருக்கிறோம், வரும் என்றார். எப்போது சேர் என்றேன். வரும் என்றார். ஓமுக்குக் கூடப்பிறந்த சகோதரம் இந்த வரும். அடுத்த நாள் கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு நானே போய்விட்டேன். முதலில் தலைகீழாகப் பொருத்தினேன். திருப்பிப் பொருத்தப் போனால், உப்புக்காற்று தின்ற கதவுநிலையில் ஆணி நிற்கவில்லை. பார்த்துப் பரிதாபப்பட்டு அதிபரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, ஒரு பனஞ்சலாகைத் துண்டை அடித்து நிறுத்தினார். குடிதண்ணீர் பவுசர் லொறியில் அளந்துதான் வரும், அதைத் தொடாமல் கிணற்றுத் தண்ணீரால் அங்கே ஒரு பீப்பாயை நிரப்பி வைப்பதென்று அக்கா ஏற்பாடு செய்தா. அது உவர்த் தண்ணீர்தான், கழுவுவதற்கு என்ன குறை?

தலையிடி குறைந்தது. சலக்கடுப்பு திரும்பி வரவில்லை. விளையாட்டு ஆசிரியை அவளைச் சேர்த்துக்கொண்டார், அரை மனதோடு. இந்தப் பிள்ளை இனி விழமாட்டாள் என்று நான்தான் பெரிய ஆள் மாதிரிச் சொல்லியிருந்தேன். சொன்ன வாய்க்குப் பயந்து போட்டியன்று லீவு எடுத்துக்கொண்டு நானும் போட்டி நடக்கிற யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன்.

வெயில் என்றால் வெயில். எங்கள் அணி ஒரு வேப்பமரத்துக்குக் கீழே இருந்தது. அவளுடைய போத்தலைத் தூக்கிப் பார்த்தேன். கழுத்து வரை தண்ணீர்.

என் முகத்தைப் பார்த்து அவளே சொன்னாள். "இஞ்சத்தைய ரொயிலற் எப்பிடியெண்டு தெரியாது சேர்."

கோபம் வந்தது, ஆனால் நியாயத்தில் ஓட்டை இல்லை. விளையாட்டு ஆசிரியை பெயர் பதியப் போயிருந்தார். அக்கா தீவில். ஆகவே இந்த மீசையும் வயிறும்தான் வாசலுக்குப் போய், பெட்டைகளின் மலசலகூடக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று காவலாளியைக் கேட்டது. அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பார்த்த பார்வையில் பொலிசைக் கூப்பிடுவாரோ என்று இருந்தது. நல்லகாலம், அந்தப் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர் வந்தார். நான் தடுமாறித் தடுமாறிச் சொன்னதைக் கேட்டுச் சிரிக்காமல், அணி முழுவதையும் கூட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தவள் போத்தலைத் திறந்து குடித்தாள். அரைவாசி குறைந்த பிறகுதான் வாயை எடுத்தாள். மிச்சத்தை என்னிடம் தந்துவிட்டு ஓடினாள்.

வலைப்பந்தின் சட்டம் எனக்கு இன்றைக்கும் விளங்காது. எந்தப் பக்கம் வெல்கிறதென்றும் தெரியவில்லை. முகம் வெளிறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவந்துதான் இருந்தது. இடைவேளை விசில் ஊதியதும் நேரே என்னிடம் ஓடிவந்து, போத்தலைப் பறித்து, மிச்சம் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு நீட்டினாள்.

"இன்னும் இருக்கோ சேர்?"

இருக்கவில்லை. இவ்வளவு காலமும் குடி குடியென்று கத்தியவன் ஒரு போத்தல் தண்ணீராவது கொண்டு வரவில்லை. அடுத்த விசிலுக்கு முன் எங்கேயாவது ஒரு பைப்பைப் பிடித்துவிட வேண்டுமென்று, வெறும் போத்தலைத் தூக்கிக்கொண்டு அந்த மைதானத்தின் குறுக்கே ஓடினேன்.