கண்ணாடிக்குப் பின்னால் போன தாள்

காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காப்பி ஆறி ஆடை கட்டிக் கிடக்கிறது. எல்லாம் அண்ணன் மகன் அனுப்பிய வாட்ஸ்அப்பால் வந்த வினை. "அத்தை, காலேஜ் ஃபங்ஷனுக்கு சீஃப் கெஸ்ட் வர்றாரு. நாந்தான் வரவேற்புரை. நல்லாப் பேசுற, செல்வாக்கான ஆளைச் சொல்ல இங்கிலீஷ்ல வெயிட்டா பத்து வார்த்தை குடுங்க."

பத்தென்ன, நாற்பது தருவேனே! எலக்வெண்ட், பெர்சுவேசிவ், டைனமிக், மேக்னடிக், கமாண்டிங்... விரல் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டே போய், ஆறாவது வார்த்தையில் நின்றுவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்தேன். மடித்ததையே உதறி மறுபடி மடித்தேன். விரல் மட்டும் இன்னும் தட்டுகிற மாதிரியே இருந்தது.

அது அந்த விரலின் பழைய பழக்கம். புதுக்கோட்டை கீழ ராஜ வீதிப் பக்கம், ஒரு மாடியில், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். டைப்பிங்கில் ஹையர் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு அங்கேயே கூலிக்கு ஜாப் டைப்பிங் பண்ணிக்கொண்டிருந்தேன். ரிப்பன் மையும் மெஷினுக்குப் போடுகிற எண்ணெயும் கலந்து ஒரு வாசம் வரும், சோறு பிசையும்போதுகூடக் கையில் இருக்கும். அப்போதெல்லாம் ஒரு அதிகாரி ஊருக்கு வருகிறார் என்றால் சால்வை, மாலையோடு ஒரு இங்கிலீஷ் வாழ்த்து மடலும் வேண்டும். அதைக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து, மேடையில் வாசித்து, கையில் கொடுக்க வேண்டும். அந்த மடல்களுக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது என்று எனக்கு நினைப்பு.

காரணம் என் நாற்பது பக்க நோட்டு. பெரிய மனிதர்களையும் அவர்கள் பேச்சையும் புகழ்கிற வார்த்தையாகப் பொறுக்கி எழுதி வைத்திருந்தேன். யார் வந்தாலும் அதிலிருந்து அள்ளி வைப்பேன். வாயே திறக்காத ஒரு மனுஷருக்கு 'இடிமுழக்கக் குரலோன்' என்று இங்கிலீஷில் அடித்துக் கொடுத்திருக்கிறேன், அவர் அதை வீட்டுக் கூடத்தில் மாட்டியும் வைத்திருந்தார்.

ஒரு நாள் திருமயத்துக்கு அங்கிட்டு ஒரு ஊரிலிருந்து மூன்று ஆம்பளைகள் வந்தார்கள். ஊரில் தண்ணித் தொட்டி திறக்க ஒரு பெரிய அதிகாரி வருகிறாராம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஊருக்குள் பஸ் வந்துவிடுமாம். "நல்லா கனமான வார்த்தையாப் போடும்மா. கடைசில பஸ்ஸக் கேட்டுரு. எழுதுற நீயே வந்து வாசிச்சுரு."

அவர்களுக்குப் பின்னால் செல்லாயி அக்கா. அந்த ஆம்பளைகளில் ஒருவருக்குத் தங்கச்சி. மெயின் ரோட்டில் நிற்காமல் போகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, கண்டக்டரிடம் பேசியே நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். என் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆத்தா, எம் மக எட்டாப்பு முடிச்சுட்டா. ஒன்பதாப்புக்குத் தைலமரக் காட்டு வழியா ஆறு மைலு நடக்கணும். பஸ்ஸு வரலைன்னா நிறுத்திருவேங்கிறாரு அவ அப்பா. படிக்கிற புள்ள ஆத்தா. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

தட்டிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அக்கா முகத்தைப் பார்த்தேன். பார்த்து என்ன? அதை அப்படியே அதிகாரியிடம் அவரே போய்ச் சொல்லட்டும் என்று எனக்குத் தோன்றவில்லையே! "பொம்பள குறுக்க பேசப்புடாது, எல்லாம் மடல்ல வந்துரும்" என்றார் அண்ணன்காரர். நானும் தலையாட்டினேன்.

நோட்டை விரித்தேன். ஒரு வார்த்தையை விட மனசு வரவில்லை. புகழ்ச்சியிலேயே தாள் நிரம்பி, பஸ் இரண்டாம் தாளுக்குப் போய்விட்டது. சட்டம் அடிக்கிறவர் சொன்னார், "ஒரு தாளுதாம்மா தெரியும். மத்தத அடில வச்சு ஆணி அடிச்சுரவா?" அடியுங்கள் என்றேன். எனக்குத்தான் மனப்பாடம் ஆச்சே, மேடையில் சொல்லிவிடலாம் என்று ஒரு மிதப்பு.

விழாவில் வாசித்தேன். ஒரு வார்த்தை புரியாமல் ஊரே கை தட்டியது. முதல் தாளின் கடைசி வரி வந்ததும் தட்டல் இன்னும் ஏறியது. முடிந்துவிட்டது என்று நினைத்து அதிகாரி எழுந்து கும்பிட்டார். மாலை போட வந்தார்கள். இரண்டாம் தாளை நான் ஆரம்பிக்கவே இல்லை. தமிழிலாவது சொல்லித் தொலைத்திருக்கலாம், பாழாய்ப்போன கூச்சம். சட்டத்தை நீட்டினேன், அவர் வாங்கிக்கொண்டார்.

இறங்கியதும் செல்லாயி அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டுட்டியா ஆத்தா?"

அதிகாரி ஜீப் பக்கத்தில் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். இருபது எட்டு வைக்கிற தூரம்தான். இல்லை என்று சொல்லியிருந்தால் அக்கா தன் அண்ணனையும் தள்ளிவிட்டு ஓடிப்போய்க் கேட்டிருப்பார். அந்த மனுஷரும் இளநீரை வைத்துவிட்டுக் காது கொடுத்திருப்பார்.

"கேட்டாச்சுக்கா," என்றேன்.

அப்புறம் ஒரு மனு அடித்துத் தபாலிலாவது போட்டிருக்கலாம். போட்டால் என் தப்பு வெளியே வந்துவிடுமே! இரண்டு மாதம் கழித்துச் செல்லாயி அக்கா ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். "கேட்டாச்சு, எப்புடியும் வந்துரும்னு அவ அப்பாகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்." பழத்தை வாங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறந்தது, பஸ் வரவில்லை. அந்தப் பிள்ளையை மில்லு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

இன்ஸ்டிடியூட் இருந்த மாடியில் இப்போது செல்போன் சர்வீஸ் கடை. வாழ்த்து மடலும் போயிற்று, நோட்டும் எங்கேயோ தொலைந்தது. அந்த ஊருக்குள் பஸ் போகிறது, சீருடைப் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு தடவை ஏறிப் பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டேன்.

போன் மறுபடி சிணுங்குகிறது. "அத்தை, வார்த்தை?" என்ன அனுப்ப? அத்தனை வார்த்தை தெரிந்திருந்தும், நான் சொன்னதை ஒரு ஆள் மறுபேச்சில்லாமல் நம்பியது ஒரே ஒரு தடவைதான். "கேட்டாச்சுக்கா."