மார்கழிக்கு வாடகைக்கு விட்ட பெயர்

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்த ஒரு சாயங்காலம், போனில் ஒருவரிடம் பேசிக்கொண்டு வந்தேன். "அந்தப் பேரு தேறாதுங்க. ரொம்ப நீளம். ஒரு தடவை சொன்னா யாருக்கும் மனசுல நிக்காது. வச்சிருந்தா வருஷா வருஷம் கட்டுற பணம்தான் தண்டம், விட்டுடுங்க" என்று சொல்லி முடித்ததும், பக்கத்தில் மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த மாமி என் முழங்கையைத் தொட்டார்.

"ஏம்மா, நீ பேர் பார்ப்பியா? என் நாட்டுப்பொண்ணுக்குத் தை மாசம் பிரசவம். நல்லதா ஒண்ணு சொல்லேன்."

"குழந்தைக்கு வைக்கிற பேரு இல்லைங்க மாமி. இன்டர்நெட்ல ஒரு கடையோட பக்கத்தைத் திறக்க டாட் காம்னு ஒண்ணு தட்டுவோமில்ல, அந்தப் பேரு. அதை வாங்குவாங்க, விப்பாங்க. என்ன விலைக்குப் போகும்னு பார்த்துச் சொல்றதுதான் என் வேலை."

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியிருந்தது.

"என்கிட்டயும் அப்படி ஒண்ணு இருக்கே" என்றார். "பையன் வாங்கிக் கொடுத்தான். அதை ஒருத்தன் விலைக்குக் கேட்டு உயிரை எடுக்கறான். நீ வந்து பார்க்கறியா?"

நான் திருவானைக்காவலில் இறங்க வேண்டியவள். அதற்குள் மாமி என் நம்பரை வாங்கி, சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை அடித்தும் பார்த்துவிட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இதை நான் எங்கேயும் தணிந்த குரலில் சொல்வதில்லை. ஊர் பச்சைமலை. அப்பாவும் அம்மாவும் மரவள்ளியும் சாமையும் போடுகிறவர்கள். பஸ் வராத நாளில் நடந்து பள்ளிக்கூடம் போனேன், விடுதியில் தங்கிப் பத்தாவது முடித்தேன், திருச்சிக்கு வந்து கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தேன். இப்போது தில்லை நகரில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை. டொமைன் எனப்படும் இந்த டாட் காம் பெயர்களுக்கு நான் எழுதும் மதிப்பீட்டின் அடியில் என் கையெழுத்து இருக்கும். முதல் மதிப்பீட்டை அச்செடுத்து ஊருக்குக் கொண்டுபோனபோது அப்பா அதைச் சாமி படத்துக்குக் கீழே மாட்டிவிட்டார். அதில் விலை போட்டிருந்தது யாரோ ஒரு செருப்புக் கடைக்காரரின் பெயருக்கு.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. "பேரை வித்துப்புட்டா வித்தவன் என்ன பேருல இருப்பான் பாப்பா?" என்று போனில் கேட்பார். "வேற பேரு வாங்கிக்குவான்மா" என்பேன். "நல்லாருக்கு உங்க பொழப்பு" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் அம்மாவுக்குப் பெருமை உண்டு என்று எனக்குத் தெரியும். சந்தைக்குப் போகும் ஷேர் ஆட்டோ முழுக்க என் வேலையைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறார், தவறாகத்தான்.

வேலை ஒன்றும் மந்திரம் இல்லை. பெயர் சின்னதாக இருக்கிறதா, போனில் ஒரு முறை சொன்னால் எதிராளி சரியாகத் தட்டுவாரா என்று முதலில் பார்ப்பேன். வேறொரு கம்பெனியின் பெயரோடு உரசினால் அதைத் தொடவே கூடாது. முன்பு யாராவது அந்தப் பெயரை வைத்து மோசடி மெயில் அனுப்பியிருந்தாலும் விலை விழுந்துவிடும். அதே மாதிரிப் பெயர்கள் என்ன விலைக்குப் போயிருக்கின்றன என்று தேட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், அந்தப் பெயர் இல்லாமல் தூக்கம் வராத ஒருவர் எங்காவது இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் எவ்வளவு அழகான பெயரும் சும்மாதான்.

சொந்தக்காரர்கள் ஆசையை விலையில் சேர்த்துவிடுவார்கள், அதுதான் தொல்லை. கைலாசபுரத்தில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சார், திருச்சி என்ற சொல்லுக்குப் பின்னால் கையில் கிடைத்த சொல்லையெல்லாம் ஒட்டிப் பதிவு செய்து வைத்திருந்தார். சீப்பு, குடை, ஊறுகாய் எல்லாம் இருந்தது. ஒன்றுகூடத் தேறாது என்று சொன்னேன். "ஊறுகாயுமா?" என்று கேட்டார். "ஊறுகாயும்தான் சார்" என்றேன். "சரி, நீயாவது உண்மையைச் சொன்னே. டீ சாப்பிட்டுப் போ" என்றார்.

இந்த அனுபவத்தோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்திர வீதியில் மாமி வீட்டுக்குப் போனேன். மாமியின் பெயரும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அது என்ன பெயர் என்று இங்கே எழுத மாட்டேன், தொழில் ஒழுக்கம். ஊர்ப் பெயரும் அறை என்பதற்கான இங்கிலீஷ் சொல்லும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஸ்ரீரங்கத்தில் ஊரே விருந்தாளிகளுக்கு ஒதுங்கி இடம் கொடுக்கும். பகல்பத்து, இராப்பத்து உற்சவம் முடியும்வரை வீட்டுக்காரர்கள் இரண்டு அறையில் சுருங்கிக்கொண்டு மீதியைச் சேவிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். மாமி அதில் ஒரு வேலையைத் தானாக எடுத்துக்கொண்டிருந்தார். தனியாக வரும் பெண்களுக்கு அந்த வீதியில் எந்த வீட்டில் அறை காலி என்று பார்த்து ஏற்பாடு செய்வது. அமெரிக்கா போகும்முன் மகன் அதற்காக ஒரு பெயரை வாங்கி, ஒரே ஒரு பக்கம் போட்டுக் கொடுத்திருந்தான். அதில் ஒரு கோபுரப் படமும் மாமியின் போன் நம்பரும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

பெங்களூரில் யாத்திரை அறைகள் பதிவு செய்யும் ஒரு கம்பெனி அந்தப் பெயரைக் கேட்டிருந்தது. நாற்பதாயிரம் தருவதாகச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி ஒப்பந்தமும் வந்திருந்தது.

"வெறும் பேருக்கு நாற்பதாயிரம்" என்றார் மாமா. ஸ்கூல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "நான் ஒரு மாசம் பூரா கத்தினா அந்தக் காலத்துல இதுல பாதி வராது. கையெழுத்தைப் போட்டு அனுப்புன்னா, இவ யோசிக்கறா."

"எங்க யோசிச்சேன்? தரேன்னுதான் சொல்லியிருக்கேன்" என்றார் மாமி. "மார்கழிக்கு எடுத்துக்கோங்கோ, தை பொறந்ததும் திருப்பிக் கொடுத்துடணும்னு அந்தக் கம்பெனிப் பையன் கிட்ட சொன்னேன். சிரிச்சான். சரின்னுதானே அர்த்தம்?"

மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏகாதசிக்கு முன்கட்டைக் கொடுப்பது போலத்தான் மாமி பெயரையும் கொடுத்திருந்தார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. விற்றால் விற்றதுதான்.

நான் லேப்டாப்பைத் திறந்து மாமியின் பாஸ்வேர்டைப் போட்டு, அந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர், எந்த வழியாக வருகிறார்கள் என்று பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னொரு முறை பார்த்தேன். வழக்கமாக இப்படிப்பட்ட பக்கத்துக்கு ஆட்கள் தேடுதளம் வழியாகத் தவறி வந்து விழுவார்கள். இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் பெயரை நேராகத் தட்டி வந்திருந்தார்கள். பெயர் அவர்கள் மனதில் இருந்தது.

"மாமி, இந்தப் பேரை நீங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"ஊருக்குக் கிளம்பறச்சே எல்லார்கிட்டயும் சொல்லுவேன். வெத்தலை பாக்கு கொடுக்கறச்சே, அடுத்த தடவை வரதுக்கு இதைத் தட்டினா நான் இருப்பேன்னு சொல்லி, ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிட்டுத்தான் அனுப்புவேன். அவா போயி அவா பஜனைக் கோஷ்டில சொல்லுவா."

கணக்கைப் போட்டு விலையை எழுதினேன். ஒன்றரை லட்சம். மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"ஒண்ணரை லட்சமா! அப்போ அதையே கேட்டுடு. பெருமாள் பார்த்துக் கொடுக்கறார்."

எங்கள் வேலையில் விலையைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விற்க வேண்டாம் என்று நானாகச் சொல்லக் கூடாது. ஆனால் கேட்டால் பதில் சொல்லலாம். மாமி கேட்டார்.

"கோபுரப் படத்துக்கா இவ்வளவு விலை?"

"இல்லைங்க மாமி. நேரா வர அந்த ஆளுங்களுக்குத்தான் விலை. பேரை வாங்குறவங்களுக்கு அவங்களும் சேர்ந்தே போயிடுவாங்க. அடுத்த மார்கழிக்கு அதே பேரைத் தட்டினா உங்க நம்பர் வராது, கம்பெனிதான் வரும்."

மாமி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "பேரைத்தானே கேக்கறான்? பேரைக் கொடுத்துட்டு நான் பாட்டுக்கு ரூம் பார்த்துக் கொடுத்துண்டு இருக்கலாம்னு நினைச்சேனே. திருநெல்வேலிலேந்து ஒருத்தி வரா. ஆத்துக்காரர் போனப்புறம் அவ வேற எங்கயும் தனியா தங்கினதில்லே. அவ தட்டினா?"

"கம்பெனி ஏதாவது லாட்ஜ்ல ரூம் காட்டும்."

"லாட்ஜ்லயா? அவளா?" என்றார் மாமி. "அவளுக்கு நீ போன் பண்ணிச் சொல்லிடேன்" என்றார் மாமா மெதுவாக.

"அவளுக்குச் சொல்லலாம். அவ சொல்லி வரவாளுக்கு? அவா யாருன்னே எனக்குத் தெரியாதே, ஏன்னா."

மாமி என் பக்கம் திரும்பி, கோபமாகவே கேட்டார். "வீட்டையே வாடகைக்கு விடறோம். பேரை விடப்படாதா?"

அப்படியெல்லாம் முடியாது மாமி என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். முடியும். பெயரைப் பருவத்துக்கு வாடகைக்கு விடுவது எங்கள் தொழிலில் உண்டு. பெரிய பெயர்களுக்குச் செய்வார்கள். உத்திர வீதிக்கு அது வரும் என்று நான் நினைத்ததில்லை, அவ்வளவுதான்.

"விடலாம் மாமி" என்றேன். "பதிவு உங்க பேர்லயே இருக்கும். மார்கழி முடியுற வரைக்கும் பேரைத் தட்டினா அவங்க பக்கம் திறக்கும். ஆனா அப்பவும் உங்க ஆளுங்க அவங்ககிட்டதானே போவாங்க?"

"ஏன் போவா? முழு வீட்டையும் யாரு விடறா? பெருமாள் ரூமும் அடுக்களையும் நம்ம கிட்டதானே இருக்கும். பூட்டி சாவியை இடுப்புல வச்சுப்பேன். மத்த இடமெல்லாம் அவா புழங்கலாம்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே லேப்டாப்பில் அதை எழுதினேன். முகப்புப் பக்கம் கம்பெனிக்கு. அதன் மேலேயே, தனியாக வரும் பெண்களுக்கு என்று கண்ணில் படும்படி ஒரு கதவு. அதைத் தொட்டால் திறக்கும் பக்கம் மாமியுடையது, அதில் கம்பெனி கை வைக்கக் கூடாது. அந்தப் பெயருக்கு வரும் மெயிலும் மாமிக்கே. தை முதல் தேதி காலி செய்ய வேண்டும்.

அங்கிருந்தே கம்பெனிக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். தமிழ்ப் பையன்தான்.

"மேடம், அந்தம்மா தையில திருப்பித் தரணும்னு சொன்னப்போ ஜோக் பண்றாங்கன்னு நினைச்சேன்."

"ஜோக் இல்லைங்க. வாடகைக்குத்தான்."

"வாடகை மொத்தமும் அட்வான்ஸா வேணும்" என்றார் மாமி தள்ளியிருந்தே. "அப்புறம் பெருமாள் ரூம் கிடையாது."

"என்ன ரூம் மேடம்?"

"ஒரு பக்கம்ங்க. ஒப்பந்தத்துல எழுதி அனுப்புறேன், படிச்சா புரியும்" என்றேன்.

மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு விலைக்கு வாங்கும் பேச்சும் கிடையாது என்று எச்சரித்துவிட்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. பெங்களூரிலிருந்து ஒன்றும் வரவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு மனம் உத்திர வீதியில்தான் இருந்தது. மாமிக்குப் போன் செய்தால் மாமாதான் எடுத்தார். "உங்க மாமி இப்போ நாற்பதாயிரத்தையும் விட்டுட்டு, ஒண்ணரை லட்சத்தையும் விட்டுட்டு, சாவியை இடுப்புல சொருகிண்டு உட்காந்திருக்கா" என்றார். பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது. "சாவி என் இடுப்புல இருக்கோல்லியோ? அப்புறம் என்ன!"

கார்த்திகை முடியப் போகிற ஒரு திங்கட்கிழமை அந்தப் பையன் என்னைக் கூப்பிட்டார். மேலிடத்தில் சரி என்றுவிட்டார்களாம். அந்தப் பெயர் இல்லாமல் தூக்கம் வராத ஆள் அவர்கள்தான் என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஏகாதசிக்கு அறை தேடுகிறவர்கள் நேராகப் போய் நிற்கும் வாசல் வேறு எது? ஒப்பந்தத்தை நானே எழுதினேன். மாமி கையெழுத்துப் போட்டார், சாட்சியாக நான் போட்டேன். என் கையெழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

மார்கழி முழுக்க அது ஓடியது. முகப்பில் கம்பெனியின் பளபளப்பான படங்கள், மேலே மாமியின் கதவு. திருநெல்வேலிக்கார அம்மா வழக்கம்போல வந்து தங்கினார். அவர் சொல்லி இன்னும் சிலர் வந்தார்கள். கம்பெனிக்கும் நல்ல வியாபாரம் போலிருக்கிறது, தை பிறக்கும் முன்பே அந்தப் பையன் கூப்பிட்டு, பங்குனி வரை நீட்டிக்க முடியுமா என்று கேட்டார். மாமியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"அடுத்த மார்கழிக்கு வரச் சொல்லு" என்றார் மாமி. "விருந்தாளி போனப்புறம் ஆத்தை அலம்பி விடணும்டி. தை பொறந்து வர முதல் ஞாயித்துக்கிழமை வந்துடு. அதையும் அலம்பிடலாம்."

தை மாதத்து முதல் ஞாயிறு. மாமி முன்கட்டில் தண்ணீரைக் கொட்டித் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். நான் காலை மடக்கி உட்கார்ந்து கம்பெனியின் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கோபுரப் படத்தையும் போன் நம்பரையும் பழையபடி வைத்தேன். வேலை முடியும்முன்பே மாமியின் போன் அடித்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"ஆமாம், நான்தான். ரெண்டு பொம்மனாட்டிகளா? தனியாவா வரேள்? பயப்படாம வாங்கோ. ரூம் இருக்கு, இப்போதான் அலம்பிண்டிருக்கேன்."