இடது பக்கத்து இரைச்சல்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்குப் பெயர் பாம்புக்காது. பெற்றவர்கள் வைத்த பெயர் முதலாளிக்கே மறந்துபோயிருக்கும். பேச்சோ பாட்டோ, வெளியே போகும் முன் கடைசியாக அவர் ஒருதடவை கேட்டுத் தலையாட்ட வேண்டும். முகம் சுளித்தாரோ போச்சு, பாடினவர் திரும்ப வந்து பாட வேண்டியதுதான். "யாரோ நாற்காலிய நகத்தியிருக்காங்க" என்பார். விசாரித்தால் நகர்த்தித்தான் இருப்பார்கள். அந்தத் தலையாட்டலுக்குத்தான் சம்பளம், மரியாதை, கொஞ்சம் திமிரும்.

அப்பேர்ப்பட்டவர் இந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து வீட்டை ரெண்டு பண்ணிக்கொண்டிருந்தார். எல்லாம் அந்த எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோனால் வந்த வினை. அதற்குள் சாதாரண ஸ்பீக்கர் கிடையாது. துளை போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே பாலாடையைவிட மெல்லிய ஒரு ஜவ்வு. கூடவே வருகிற பெட்டி அனுப்பும் உயர் மின்னழுத்தத்தில் அது அதிர்ந்து பாடும். தூசி ஆகாது, ஈரம் ஆகாது. மாப்பிள்ளையைத் தாங்குவதுபோல் தாங்க வேண்டும். இத்தனை தாங்கியும் இடது பக்கம் கரகரவென்றது. குரல் உயர்ந்த இடத்தில் உடைந்தது. போதாததற்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். மறுநாள் காலை ஒரு முழுப் பதிவைக் கேட்டு ஓகே சொல்ல வேண்டும்.

முதலில் மின்விசிறியை அணைத்தார். பிறகு சமையலறைக்குப் போய்வந்தார். உச்சிவெயில் ஏறியதும் மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, ஃப்ரிட்ஜ அணைச்சது யாரு? பால் திரிஞ்சுபோச்சு!"

"அதுலேருந்துதான் இரையுதோன்னு பாத்தேன்."

"இப்ப நான்தான் இரையறேன். முடிஞ்சா என்னையும் அணைச்சிடுங்க!"

எல்லா ப்ளக்கையும் பிடுங்கி ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் சொருகியதும் ரீங்காரம் அடங்கியது. கரகரப்பு அசையவில்லை. பெட்டிக்குப் பின்னால் இடது ஒயரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிக் கொடுத்தார். அப்போதும் இடது பக்கமே கரகரத்தது. அப்படியானால் பாட்டிலோ ஒயரிலோ கோளாறு இல்லை. ஹெட்ஃபோன் ப்ளக்கின் ஊசிகளைத் துடைத்தார். எழுந்தார், உட்கார்ந்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். இருப்புக் கொள்ளவில்லை.

மனைவி டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஊர்ல எவன் போன் பண்ணாலும், 'ஹெட்ஃபோனத் திருப்பி மாட்டிப் பாருய்யா. சத்தமும் கூடவே அந்தப் பக்கம் போனா மெஷினு, போகாட்டி உன் காது'ன்னு சொல்வீங்களே. நீங்க பாத்தாச்சா?"

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

"சரி, குடுங்க. நான் கேட்டுப் பாக்கறேன்."

"தொடாத! உள்ள எக்கச்சக்க கரண்டு."

"அவ்வளவு கரண்ட நீங்க மட்டும் தலையில மாட்டிக்கலாமாக்கும்!"

அவருக்குச் சுருக்கென்றது. திருப்பி மாட்ட எவ்வளவு நேரமாகும்? மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டுகிற நேரம். காலையிலிருந்து அந்த ஒன்றைத்தான் அவர் செய்யவில்லை. பயம். வேறென்ன? சத்தம் இடது காதிலேயே நின்றுவிட்டால் பாம்புக்காது என்ற பெயரே கேலியாகிவிடும். இந்தப் பிழைப்பைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது.

அவள் நகர்கிற வழியாக இல்லை. கண்ணை மூடிக்கொண்டு திருப்பி மாட்டினார்.

கரகரப்பு வலது காதுக்குத் தாவியது.

"மெஷினுதான்! மெஷினுதான்டி!" டீ சிந்தியதைக்கூடப் பார்க்காமல் துள்ளினார். "ஜவ்வுல ஏதோ முடி ஒட்டியிருக்கு, அவ்வளவுதான்! இதுக்குப் போயி நான்..."

பேச்சு பாதியில் நின்றது. அதே பாட்டு, அதே அளவு. சத்தம் கூட்டும் குமிழை அவர் தொடவில்லை. ஆனால் இந்தக் கரகரப்பு எங்கே, காலையிலிருந்து கேட்டது எங்கே! கழற்றி நேராக மாட்டினார். இடது காதில் தூரத்தில் யாரோ சருகை மிதிப்பதுபோல் இருந்தது. மறுபடி திருப்பினார். வலது காதில் அது பக்கத்தில் நின்று தகரத்தைச் சுரண்டியது. நேராக, திருப்பி, நேராக, திருப்பி.

ஹெட்ஃபோனை மடியில் வைத்தார். "எடது காதுல பாதிதான் விழுது" என்றார், தரையைப் பார்த்தபடி.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"சாப்பிடறப்ப உங்களுக்கு வலது பக்கம் மாறி உக்காந்தேனே, காத்துக்காகன்னா நினைச்சீங்க? எடது பக்கத்துலேருந்து என்ன சொன்னாலும் பதிலே வரல. என் மேல ஏதோ கோவம்னு மொதல்ல எத்தனையோ நாள் அழுதிருக்கேன். அப்புறந்தான் புரிஞ்சுது."

அவள் இப்போதும் வலது பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். "சொல்லியிருக்கலாமே" என்றார்.

"யார்கிட்ட? பாம்புக்காதுகிட்டயா?"

மடியிலிருந்த ஹெட்ஃபோனை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு முதலாளிக்குப் போன் போட்டு, வலது காதில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நான் ஓகே சொல்றதுக்கு முன்னாடி, கூட இன்னொருத்தரும் கேக்கணுங்க. இனிமே எப்பவுமே."

"என்னய்யா புதுசா? ஹெட்ஃபோன் சரியில்லையா?"

ஆமாம் என்று சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை. அவர் மனைவியைப் பார்த்தார்.

"ஹெட்ஃபோனும்தாங்க" என்றார்.