பெரிய மார்க்கெட்டில் நடந்த அந்தச் சண்டை

இன்று என் கதாநாயகியின் எதிரி வீட்டுக்குப் போயிருந்தேன்!

(பாப்பாவையும் தூக்கிக்கொண்டுதான். லேசாக மூக்கு ஒழுகுகிறது, யாரிடமும் விட மனசு வரவில்லை. கைப்பையில் தெர்மாமீட்டர்!)

ஒரு வாழ்க்கை வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறேன். யாருடையது என்று கேட்காதீர்கள். லூர்து டீச்சர் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பத்துநாலில், பள்ளிக்கூடத்துப் பெண்ணாக, புதுச்சேரி விடுதலைக்குக் கொடி பிடித்தவர். போன மாதம் காலமானார்.

அவருடைய உயிர்த்தோழி ஸ்டெல்லா. கணவர் பிரெஞ்சுப் படையில் சிப்பாய், ஊர் வழக்கில் சொல்தா. அறுபத்திரண்டில் எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று ஊர்க்காரர்களிடம் கேட்டபோது, ஸ்டெல்லா பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவ்வளவுதான். பெரிய மார்க்கெட்டில், மீன்காரம்மாக்கள் வேடிக்கை பார்க்க, அப்படி ஒரு சண்டை! அன்றோடு பேச்சில்லை. நாட்டுக்காக நட்பையே துறந்தவர் என்று மேடைக்கு மேடை டீச்சரைப் பாராட்டினார்கள். என் கடைசி அத்தியாயமும் அதுதான்.

எதிர்த்தரப்பையும் கேட்டுவிடலாமே என்று ஸ்டெல்லா அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

சிரித்தார். பல்செட் கழன்று விழும் அளவுக்கு!

"'பென்சனுக்கு நாட்டை வித்தவளே'ன்னு அவ திட்டுனாளே, அதை நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவளுக்குத் திட்டவே வராதும்மா. மொத நாளு கோயில்ல உக்காந்து ஒத்திகை பாத்தோம்."

"ஒத்திகையா!"

"பின்ன? அவ வூட்டுக்காரரு, 'அந்த சொல்தா பொண்டாட்டி வாசப்படி மிதிக்கக் கூடாது'ன்னுட்டாரு. என் மாமியா, 'கொடிக்காரியோட சேந்தா பென்சன் போயிடும்'னு ஒரே ஒப்பாரி. ரெண்டு வூட்டு வாயையும் மூடணுமில்ல? ஊரறிய ஒரு சண்டை. அப்புறம் வெள்ளிக்கெழம ஆனா கோயில்ல பக்கத்துல பக்கத்துல முட்டி போட்டுக்குவோம். செபமாலையில ஒரு மணி உருட்டுனா, வூட்டு சமாச்சாரம் ஒண்ணு."

"அப்புறமாவது வெளிய சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் இருந்தோம். அதுக்குள்ள அவளை மேடையில ஏத்தி, அந்தச் சண்டைக்கே மாலை போட்டுட்டானுங்க. எப்புடிக் கழட்டுறது?"

பாப்பாவின் மூக்கைத் துடைத்துவிட்டேன்.

"அடக்கத்துக்குப் போனீங்களா அம்மா?"

"தெருமுனை மருந்துக்கடை வரைக்கும். அவ புள்ளைங்க என்னைப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கும். பொட்டி போற வரைக்கும் அங்கயே நின்னேன். கடைக்காரன் என்ன வேணும் என்ன வேணும்னான். இருமல் மருந்து ஒண்ணு வாங்கினு வந்துட்டேன்."

கையிலிருந்த அத்தியாயத்தை மடித்து வைத்தேன்.

"இன்னும் அச்சுக்குப் போகலம்மா. மாத்தி எழுதிடுறேன்."

"வேணாங் கண்ணு. அவ பேரப்புள்ளைங்க அதைச் சொல்லித்தான் பெருமைப்படுதுங்க. செத்தவளைப் பொய்க்காரி ஆக்காத."

"அப்ப உங்களை மோசமா எழுதினது?"

"இருக்கட்டுமே. அவளுக்காகத் திட்டு வாங்குறது எனக்குப் புதுசா?"

பெயரை மாற்றி, ஃபோனில் ஒரு பதிவாகவாவது எழுதிப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எழுதிக்கோ, எழுதிக்கோ. அதையெல்லாம் எவன் படிக்கிறான்!"

(படிக்கிறீர்கள்தானே?)

டீச்சரோடு மாதக்கணக்கில் பேசியிருக்கிறேன். ஏன் சண்டை, எப்படிச் சண்டை என்று துருவித் துருவிக் கேட்டேன். 'ஸ்டெல்லா ஞாபகம் வருமா டீச்சர்?' என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ.

பாப்பா தூங்குகிறாள். கடைசி அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாற்ற மாட்டேன் என்று ஸ்டெல்லா அம்மாவின் கையில் அடித்துச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

என் புத்தகத்தில் அவர்கள் இரண்டு பேரும் இன்னும் பேசிக்கொள்ளவே இல்லை.