பெயர் சொல்லாத சாட்சி

முதல் நாள் வாங்கிய திட்டு

பினாங்கு போலீஸ் கோர்ட்டில் தமிழ் இன்டர்பிரட்டராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மாஜிஸ்திரேட் துரையிடம் திட்டு வாங்கினேன். சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர், தன் கடை வாசலை மாட்டு வண்டிகள் அடைத்து நின்ற விவகாரத்தில் சாட்சி சொல்ல வந்திருந்தார். துரை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதும் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இவ்வளவு சொல்றேன், இந்தத் தொரைக்குக் காது அடைச்சுப் போச்சா?" என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாட்சி முன்பே பதில் சொல்லிவிட்டதாகப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறார் என்று இங்கிலீஷில் சொல்லி வைத்தேன். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். துரைக்கும் கொஞ்சம் தமிழ் காதில் விழும் என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. "என் காதைப் பற்றி அவர் ஏதோ கேட்டாரே, அது எங்கே போயிற்று?" என்றார் துரை.

அன்று மாலை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு வேலையைச் சொல்லிக்கொடுத்தார். சாட்சி 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, சாட்சிக்கு எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான் இந்த உத்தியோகம். அதன்பின் நான் பெண்களுக்காகப் பெண்ணாகவும், திருடர்களுக்காகத் திருடனாகவும், ஒருமுறை ஒரு குடிகாரனுக்காகக் குடிகாரனாகவும் பேசியிருக்கிறேன். மாட்டுத் திருட்டு வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருந்த கெப்பாலா பத்தாஸ் பக்கத்து விவசாயி ஒருவர், இந்த ஆளுக்கு எத்தனை மாடுதான் திருட்டுப் போயிற்று என்று என்னைப் பார்த்து வியந்ததும் உண்டு.

என் வீட்டு வழக்கம்

வேலை நிலைத்ததும் எனக்குக் கல்யாணம் நடந்தது. எஸ்தர் நாகப்பட்டினத்துப் பெண். கோவிலில் உடன்படிக்கை சொல்லும்போது மாப்பிள்ளையின் பெயரைப் பெண் சொல்லியே ஆகவேண்டும். பாதிரியார் என் பெயரை எடுத்துச் சொல்ல, அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. பாதிரியாருக்கு அன்று இன்னும் இரண்டு கல்யாணம் இருந்ததால் அவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அதோடு சரி. வீட்டில் நான் 'என்னங்க' ஆனேன். என் பெயர் வேதத்தில் வரும் பெயர். சாயங்கால ஜெபத்தில் எஸ்தர் வேதம் வாசிக்கும்போது அந்தப் பெயர் வந்தால் 'அவங்க' என்று வாசித்துவிட்டு மேலே போவாள். புதிதாகக் கேட்பவர்களுக்கு யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்றே விளங்காது. புருஷன் பெயரைச் சொல்லாமல் இருப்பது கிறிஸ்தவ வழக்கம் அல்ல என்று பாதிரியார் பிரசங்கத்தில் கண்டித்துப் பேசுவார். பெண்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வெளியே வந்து, "ஏங்க, போகலாமா?" என்பார்கள்.

எனக்கு அதில் குறை ஒன்றும் இருக்கவில்லை. நானும் கோர்ட்டுப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன். அடிதடியும் திருட்டும் என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவது எனக்குப் பிடிக்காது. அவள் கேட்கவும் மாட்டாள். இப்படியே சில வருஷங்கள் சுமுகமாக ஓடின.

சாமுவேலா, சின்னப்பனா

ஒப்பந்தக் கூலி முறை இன்னும் நடப்பில் இருந்த காலம் அது. ஒப்பந்தத்தை முடிக்காமல் தோட்டத்தைவிட்டு ஓடுகிறவனைப் பிடித்தால் ஜெயில் தண்டனை. அது முடிந்ததும் மறுபடியும் அதே தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

பீச் ஸ்ட்ரீட்டில் தௌக்கே என்று கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் சரக்குக் கிட்டங்கிக்கு மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன் சாமுவேல். எதிர்க்கரைப் பிறையிலிருந்து ஃபெர்ரி வந்து சேரும் துறைமுகத்தில் ஒருநாள் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். நிபோங் திபால் பக்கத்துக் கரும்புத் தோட்டம் ஒன்றில் கூலிகளை மேற்பார்க்கும் தண்டல் ஒருவர் படகிலிருந்து இறங்கி, அவன் கையைப் பிடித்து, "நீ எங்க தோட்டத்துலேருந்து ஓடிப்போன சின்னப்பன்தானே?" என்று கேட்டுவிட்டார். தண்டல் பொய் சொல்லவில்லை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். முகச்சாடை அப்படி இருந்திருக்கும்.

தன் பெயர் சாமுவேல், தான் எந்தத் தோட்டத்துக்கும் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவன் அல்ல, மனைவியோடு சொந்தச் செலவில் கப்பலேறி வந்தவன் என்று அவன் கோர்ட்டில் சொன்னான். கப்பல் சீட்டு கேட்டார்கள். குடிசையில் பிடித்த தீயில் போய்விட்டது என்றான். தௌக்கேயைக் கேட்டார்கள். அவருக்கு எல்லா வண்டிக்காரரும் 'அண்ணே'தான், பெயர் தெரியாது. புருஷனும் மனைவியும் ஊருக்குப் புதியவர்கள். கோவிலில் அவர்களை அறிந்த பாதிரியாரோ கெடா சீமைத் தோட்டங்களுக்குப் பிரசங்கம் செய்யப் போயிருந்தார், எப்போது திரும்புவார் என்று தெரியவில்லை. கூட வண்டி ஓட்டும் ஒருவர் மட்டும் கூண்டேறி, "இவரு நம்ம சாமுவேல் லா, தொரை," என்றார் பினாங்குப் பேச்சில். வண்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் எதையும் சொல்வார்கள் என்று தோட்டத்து வக்கீல் அதைத் தள்ளிவிட்டார்.

அந்தச் சின்னப்பனுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது தோட்டத்தார் ஒப்புக்கொண்ட விஷயம். ஆகவே துரை ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார். மனைவி என்கிற பெண்ணைக் கூப்பிடுங்கள், புருஷன் பெயரைக் கேட்போம், அவள் தானாகச் சாமுவேல் என்று சொன்னால் எனக்குப் போதும் என்றார். சாட்சிகளைப் பேச்சு காதில் விழாதபடி வெளியே உட்கார வைத்திருந்ததால், அவள் சொல்வது அவளுடைய சொந்தச் சொல்லாகவே இருக்கும்.

பாக்கியம் கைக்குழந்தையோடு வந்து கூண்டில் ஏறினாள். திருநெல்வேலிச் சீமைப் பெண். வேதத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். உன் புருஷன் யார் என்று கேட்டேன்.

"அந்தா நிக்காவல்லா, அவியதான்."

பெயர் என்ன என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அத நான் எப்படி ஐயா சொல்லுவேன்?"

கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரிந்தது. தமிழில் அது கூச்சம். இங்கிலீஷில் அது 'எனக்கு எப்படித் தெரியும்' என்பதுபோல ஆகிவிட்டது. வக்கீல் துள்ளி எழுந்தார். புருஷன் பெயர் தெரியாத மனைவியை இப்போதுதான் பார்க்கிறேன், இவளை எங்கிருந்தோ பிடித்து வந்திருக்கிறார்கள் என்றார்.

துரையிடம் அனுமதி கேட்டு நம் பெண்களின் வழக்கத்தை விளக்கினேன். அவர் காதுகொடுத்துக் கேட்டார். ஆனால் இவள் கிறிஸ்தவப் பெண் ஆயிற்றே, கோவிலில் சொல்லியிருப்பாளே என்றார். பாதிரியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லியிருப்பாள் என்றேன். அப்படியானால் இங்கே யார் எடுத்துக் கொடுப்பது என்று வக்கீல் கேட்டார். வழக்கே அந்தப் பெயரைப் பற்றியது. நான் எடுத்துக் கொடுத்தால் அது என் சாட்சியாகிவிடும். அவர் சொன்னது நியாயம்தான். பாக்கியத்துக்கு எழுதவும் தெரியாது.

பெயரைச் சொல்லாவிட்டால் உன் புருஷனைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று துரை அவளுக்குச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவள் அழுதாள்.

"பேரச் சொன்னா அவியளுக்கு ஆயுசு கொறஞ்சு போகுமே ஐயா. சொல்லாட்டா கொண்டுட்டுப் போயிருவாவ. நான் என்ன செய்வேன்?"

துரை வழக்கை மறுநாள் காலைக்கு ஒத்திவைத்தார். அப்போது பெயர் அவள் வாயிலிருந்தே வரவேண்டும், வராவிட்டால் அவளை அந்நியப் பெண்ணாகவே எடுத்துக்கொள்வேன் என்றார். சாமுவேலைக் கொண்டுபோய் லாக்கப்பில் அடைத்தார்கள். யாரும் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிடாதபடி பாக்கியத்தை ஒரு போலீஸ்காரர் வீட்டில் தங்க வைத்தார்கள்.

கீரை ஆய்ந்துகொண்டே சொன்னது

அன்று கோர்ட்டுப் பேச்சு என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. டத்தோ கிராமாட் ரோட்டு வீட்டில் எஸ்தர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே எரிந்து விழுந்தேன். ஒரு மனிதன் ஜெயிலுக்குப் போகப் போகிறான், ஒரு பெயரைச் சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை, நீங்கள் எல்லாருமே இப்படித்தான் என்று அவளையும் சேர்த்தே பேசினேன். அவள் முழுவதையும் கேட்டாள். கீரை ஆய்கிற கை நிற்கவில்லை.

"ஜெபத்துல சொல்லச் சொல்லுங்க," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஆண்டவருகிட்டப் பேரைச் சொல்லித்தானே கேக்க முடியும்? 'அவங்களைக் காப்பாத்தும்'னு சொன்னா எவங்களைன்னு நெனைக்கிறது? ஊர்ல எல்லாப் பொம்பளைக்கும் 'அவங்க' இருக்காங்க."

"ஆண்டவருக்குத் தெரியாதா?"

"தெரியும். இருந்தாலும் நாம சரியாச் சொல்லணும்ல."

ஆயுசு குறையாதா என்று கேட்டேன். ஆண்டவரிடம் சொன்னால் ஆயுசு கூடத்தான் செய்யும் என்றாள். 'அப்படியானால் நீயும் என் பெயரை...' என்று ஆரம்பித்தேன். சோறு வடிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள். விடியற்காலையில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுப்பது எனக்குத் தெரியும். என்ன சொல்கிறாள் என்று அதுவரை யோசித்ததே இல்லை.

கூண்டில் முழங்கால்

மறுநாள் கோர்ட் கூடியதும் அனுமதி கேட்டு, அவள் ஜெபத்தில் பெயரைச் சொல்லக்கூடும் என்ற விஷயத்தைச் சொன்னேன். இது கோர்ட், கோவில் அல்ல என்று வக்கீல் ஆட்சேபித்தார். துரை பேனாவைக் கீழே வைத்தார். ஜெபிக்கும்படி நான் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன், அவளுக்கு விருப்பமா என்று மட்டும் கேள் என்றார்.

"புருஷனுக்காக வீட்டில் ஜெபிப்பதை இங்கே ஜெபிக்க உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை.

"இங்கனயா?" என்று கேட்டுச் சுற்றிலும் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பக்கத்தில் நின்ற சீக்கியப் போலீஸ்காரர் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, கூண்டுக்குள்ளேயே முழங்காலிட்டாள். குழந்தை தாடியைப் பிடித்து இழுத்தது. போலீஸ்காரர் அசையாமல் நின்றார். இவளும் 'அவிய' என்று சொல்லிவிட்டால் இனி வேறு வழியே இல்லை.

"ஆண்டவரே, என் புருஷன் சாமுவேல உம்ம கையில ஒப்புக்குடுக்கேன். சாமுவேலுக்குக் கரும்பு வெட்டத் தெரியாது, வண்டிதான் தெரியும். ராத்திரியில இருமுதாவ, போத்திக்கிட ஒண்ணும் இல்ல. எனக்கு இந்தச் சீமையில வேற ஆள் இல்ல. சாமுவேல எனக்குத் திருப்பித் தாரும். இந்தத் தொரைக்கும் நல்ல புத்தியக் குடும். ஆமென்."

இனி என் முறை. சாட்சி 'என் புருஷன்' என்றால் நானும் 'என் புருஷன்' என்றுதான் சொல்ல வேண்டும். கோட்டும் மீசையுமாக நின்று, என் புருஷன் சாமுவேலை உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறேன் என்று நிறைந்த கோர்ட்டில் இங்கிலீஷில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. துரைக்கு நல்ல புத்தி கேட்டதையும் விடாமல் சொன்னேன். ராவுத்தர் வழக்கில் நான் விழுங்கியதைப்போல இதை விழுங்கவில்லை.

துரை முழுவதையும் எழுதி முடித்தார். வக்கீலைப் பார்த்து, இதற்கும் ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். வக்கீல் உட்கார்ந்தபடியே இல்லை என்று தலையாட்டினார். சாமுவேலை அங்கேயே விடுதலை செய்தார்கள்.

வாசலில் அவர்களைப் பார்த்தேன். குழந்தையை வாங்கிக்கொண்டு, "ஏங்க, பிள்ள பசிக்கு அழுது, வெரசா வாங்க," என்று சொல்லிக்கொண்டே பாக்கியம் முன்னால் நடந்தாள். சாமுவேல் இருமிக்கொண்டே பின்னால் போனான்.

இளையவர்களுக்கு

இப்போது நான் பென்ஷன்காரன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் யோசனை கேட்டால், வீட்டையும் வேலையையும் தனித்தனியாக வைத்துக்கொள் என்று நான் சொல்வதில்லை. குழம்பி நிற்கிற விஷயத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றும் சொல்வேன். ஒருவர் நம்மிடம் சொல்லாத வார்த்தை அவரிடம் இல்லவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதை நமக்காக வேறோர் இடத்தில் சொல்லிக்கொண்டிருப்பார். மனைவி விஷயத்தில் இது கோர்ட்டைவிட அதிகம் பொருந்தும்.

சாமுவேல் விடுதலையான அன்று சாயங்காலம் எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். குழந்தை சீக்கியர் தாடியை இழுத்ததைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு, எத்தனை நாளாக என் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறாய் என்று கேட்டேன். இந்த முறை எழுந்து போகவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே. பினாங்குல மாப்பிள்ளைன்னு அப்பா வந்து சொன்னாங்க. ஆள் எப்படி, குணம் எப்படி, ஒண்ணும் தெரியாது. பேரு மட்டும்தான் தெரியும். நல்லவங்களா இருக்கணும்னு அந்தப் பேரைச் சொல்லித்தான் கேட்டேன்."

கேட்டது கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. எத்தனையோ பேருடைய பதிலை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்து வயிறு வளர்த்தவன் நான். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியவன் நானேதான்.