இருபத்தைந்தா, பத்தா

என் வீட்டுக்காரருக்கு ஒரு கண்தான் ஒழுங்காகத் தெரியும். இது எனக்கும் கண் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கல்யாணத்துக்கு முன்னால், கண்ணை வைத்துப் பார்க்கிற ஐபீஸில் திருகி மாட்டுகிற சின்னக் கறுப்புக் கண்ணாடியை நம்பி டெலஸ்கோப்பில் சூரியனைப் பார்த்திருக்கிறார். சூட்டில் அந்தக் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. அன்றிலிருந்து வலது கண்ணால் எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு.

பட்டும் புத்தி வந்ததா? பெண்கள் பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளராகச் சேர்ந்து, அங்கே இருக்கிற டெலஸ்கோப்பை இருபத்திரண்டு வருஷமாகக் கைக்குழந்தையைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

சூரிய கிரகணம் வருகிறது, பிள்ளைகளுக்கெல்லாம் காட்டுங்கள் என்று தலைமை ஆசிரியை சொன்ன நாளிலிருந்து மனிதருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ஐபீஸை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்ப்பார். ஒன்றில் பத்து என்று போட்டிருந்தது, மற்றதில் இருபத்தைந்து.

"பெரிய நம்பரைப் போடுங்க, பெருசாத் தெரியும்" என்றேன்.

"தலைகீழ்டி. பத்துதான் பெருசாக் காட்டும். சூரியன் முழுசா அடைச்சுக்கும், ஆனா ஒரு நிமிஷம் நிக்காது, நழுவி ஓடிடும். இருபத்தஞ்சுல சின்னதாத்தான் தெரியும். சுத்தி இடம் இருக்கிறதால, நாலஞ்சு பிள்ளைங்க பாத்து முடிக்கிற வரைக்கும் உள்ளேயே நிக்கும்."

"அப்புறம் என்ன யோசனை?"

"சின்னதாத் தெரிஞ்சா மேடம் ஏதாவது சொல்லுவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பத்தைப் போட்டா ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னாடி நீங்க கண்ணை வெச்சுச் சரி பண்ணணும். இருக்கிறதே ஒத்தைக் கண்ணு. அதுவும் போனா உங்க மேடமா வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க? மரியாதையா இருபத்தஞ்சைப் போடுங்க."

பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார்.

கிரகணத்தன்று வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு டப்பாவைச் சாக்காக எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன். மைதானத்தில் நீள வரிசை. டெலஸ்கோப்பின் வாயில், சூரிய வெளிச்சத்தை அடக்குவதற்கு வெள்ளி நிறத்தில் தாள் ஃபில்டர், சுற்றிலும் மூன்று சுற்று டேப். காற்று வேறு. அது வீசும்போதெல்லாம் தாள் பிய்ந்துவிடுமோ என்று டேப்பையே பார்த்தேன்.

தலைமை ஆசிரியை பார்த்துவிட்டு, "என்ன சார், எலி கடிச்ச பிஸ்கட் மாதிரி இத்தனூண்டு இருக்கு?" என்றார்.

"முழுசாத் தெரியுதில்லீங்களா மேடம்" என்றார் இவர். பரவாயில்லையே, வாய் இருக்கிறது.

ஆக, சொன்னபடி இருபத்தைந்துதான். அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியில் நின்றது. ஒரு பிள்ளை பார்த்துவிட்டு நகர்ந்ததும் இவர் குனிந்து கண்ணை வைத்தார். அடுத்த பிள்ளை பார்த்தது, மறுபடியும் குனிந்தார். ஒவ்வொருத்திக்கும் முன்னால் இதே கதை. அதுவும் இடது கண், அந்த நல்ல கண்.

பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "சூரியன்தான் நடுவுல நிக்குதே, எதுக்குச் சும்மா சும்மா பாக்குறீங்க?"

"காத்தடிக்குதே. ஃபில்டர் கிழிஞ்சா முதல்ல என் கண்ணுக்குத் தெரியட்டும்."

"அதுக்கு அந்தக் கெட்ட கண்ணை வைக்கக் கூடாதா?"

"அதுல எப்பவுமே நடுவுல கறுப்புதான். ஃபில்டர் நல்லா இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

பாவி மனுஷன்! திட்டத்தான் வாயெடுத்தேன், அதற்குள் பார்வை பிள்ளைகள் பக்கம் போனது. வரிசையில் இன்னும் நூறு பிள்ளைகளாவது நின்றார்கள். அடுத்தவள் ஒரு இரட்டைச் சடைக்காரி, பொறுமையில்லாமல் குதித்துக்கொண்டிருந்தாள். இவர் மறுபடியும் குனியப் போனார்.

தோளைப் பிடித்து இழுத்தேன். "தள்ளுங்க. எனக்கு ரெண்டு இருக்கு."

டப்பாவை அவர் கையில் திணித்துவிட்டுக் குனிந்தேன். உள்ளே ஆரஞ்சு நிறச் சூரியன், ஓரம் கடிபட்டு, சுற்றிலும் இருட்டோடு அமைதியாக நின்றது.

"நல்லா இருக்கு. வாம்மா, நீ பாரு" என்றேன்.

நிமிர்ந்தபோது அவர் பக்கத்தில் இல்லை. டப்பாவும் கையுமாகக் காற்று வரும் பக்கம் போய், ஃபில்டரில் நிழல் விழாமல், காற்று மட்டும் படாதபடி, காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றிருந்தார். கடைசிப் பிள்ளை பார்த்து முடிக்கும் வரை அங்கிருந்து அசையவில்லை.