சவுரிராயன் மேஸ்திரியின் சர்க்கரைக் கலவை

"பூச்சு மணல் மாரி விழணும்டா. கட்டுவேல மணல் மாரி விழுது பாரு" என்றார் அப்பா. நான் சல்லடையைத் தட்டுவதை நிறுத்தினேன். அவர் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, அரைத்த சர்க்கரையை மறுபடியும் மிக்ஸியில் கொட்டினார். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து இருவரும் செய்த வேலை அது. சேர்ந்து செய்த கடைசி வேலை. மறுநாள் வானூர்ப் பக்கத்தில் ஒரு கட்டடத்தில் சாரத்திலிருந்து இறங்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

சவுரிராயன் என்றால் திண்டிவனத்தில் பலருக்குத் தெரியாது. பூச்சு மேஸ்திரி என்றால் தெரியும். உடம்பு தேய்க்கும் கலவை செய்கிற மேஸ்திரி என்றால் வீட்டுக்கே வழி காட்டுவார்கள்.

முதலில் தன் கைக்காகத்தான் ஆரம்பித்தார். சிமெண்ட் ஏறி, காய்ப்புக் காய்த்து, வெடித்த கை. "இந்த ஆளு கையப் புடிச்சா உப்புத்தாளப் புடிச்ச மாரி இருக்குது" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருநாள் அம்மாவின் மிக்ஸி காணாமல் போனது. பின்கட்டில் அப்பா அதில் அரிசிக் குருணை அரைத்துக்கொண்டிருந்தார்.

குருணை, சர்க்கரை, காய்ந்த எலுமிச்சைத் தோல், வேர்க்கடலைப் புண்ணாக்கு. தனித்தனியாக அரைத்துத் தனித்தனியாகச் சலிப்பார். தாம்பாளத்தில் குவித்து, உலர்வாகவே இரண்டு தடவை புரட்டுவார். பிறகு நடுவில் குழி பறித்துக் கடலை எண்ணெய் ஊற்றுவார். சிமெண்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிற அதே குழி. புரட்டுவதற்கென்று புதிதாக ஒரு சின்னக் கரணை வாங்கி வைத்திருந்தார். அதைச் சுவர்ப் பக்கமே கொண்டுபோனதில்லை. "தண்ணி ஆவாது, சக்கர கரைஞ்சிடும். மல்லாட்ட எண்ணெதான் புடிச்சிக்கினு நிக்கும்" என்பார். எலுமிச்சைச் சாறும் ஆகாது, வெடிப்பில் எரியும்.

சைட்டில் கேலிக்குக் குறைவில்லை. சென்ட்ரிங் ராஜ்குமார் கேட்பான்: "இன்னா மேஸ்திரி, இப்ப ஒடம்புக்கும் பூச்சு வேலையா? சதுரம் எவ்ளோ?"

"உன் மூஞ்சிக்குன்னா மொதல்ல கொத்தி வுடணும்டா. அதுக்குத் தனிக் கூலி."

சிரித்த ராஜ்குமாரே அடுத்த மாதம் தங்கை கல்யாணத்துக்கு ஒரு டப்பா கேட்டு வந்தான். வெள்ளையாகுமா என்றும் கேட்டான். "அழுக்குதான் போவும். நெறம் அவங்களோடது, அது ஏன் போவணும்?" என்றார் அப்பா.

வீரம்மாள் அவரிடம் நெடுநாளாகச் சித்தாள். வானூரை அடுத்த ஒரு ஊரில் தனியாக இருப்பவர். ரேஷன் அட்டையில் அவர் பெயர் மட்டும்தான். கலவை தூக்கித் தூக்கி விரல் ரேகை மங்கி, கடையிலிருக்கும் இயந்திரம் அவரை ஏற்கவில்லை. அதிகாரி யாரையாவது பார்த்து, ரேகை பதியாது என்று எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். "என் வெரலு எங்கிட்டதான இருக்குது? நான் ஏன் ஒருத்தருகிட்ட போயி கெஞ்சிக்கினு நிக்கணும்?"

அதைக் கேட்ட அன்றே அப்பா மிக்ஸியைத் தூக்கினார். அங்கேதான் தப்பு செய்தார். கெட்டிப்பட்ட கலவையைச் சுரண்டக் கரடுதான் வேண்டும் என்பது மேஸ்திரி புத்தி. சர்க்கரையை அரைக்காமல் அப்படியே போட்டார். வீரம்மாள் காலையும் மாலையும் சொன்னபடி தேய்த்தார். காய்ப்பு போனது, தோலும் போனது. கட்டைவிரல் சிவந்து, பூசி மெழுகிய தரை மாதிரி ஆகிவிட்டது. "இருந்த கொஞ்ச நஞ்சத்தையும் மட்டப்பலகை போட்டு இழுத்துட்டீங்களே மேஸ்திரி!" என்று அவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. எங்கள் வீட்டு அரிசியில் பாதியை அளந்து வண்டியில் வைத்துக் கொண்டுபோனார்.

அதற்குப் பிறகு எந்தக் கலவையானாலும் அப்பா முதலில் தன் கட்டைவிரலில்தான் தேய்த்துப் பார்த்தார். நான் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் வேலையில் இருப்பவன். உருப்பெருக்கி ஒன்று கொண்டுவந்து கொடுத்தேன். தேய்ப்பார், கழுவுவார், வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார். "உழவு ஓட்டுன கொல்ல மாரி தெரியுதா பாரு" என்று என்னிடம் நீட்டுவார். தெரியும்வரை சர்க்கரையை நைசாக்கிக்கொண்டே போனார்; புண்ணாக்கைக் கூட்டினார். வீரம்மாளின் தோல் ஆறும்வரை காத்திருந்துதான் அடுத்த டப்பாவைக் கொடுத்தார்.

ரேஷன் கடை இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்த அன்று வீரம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. அரிசி மூட்டையைத் தலையில் வைத்தபடி நேராகச் சைட்டுக்கு வந்தார். "மேஸ்திரி, மிஷினு என்னத் தெரியும்னு சொல்லிடுச்சு!" சாரத்தின் மேலிருந்து அப்பா அடித்த விசில் தெருமுனை வரை கேட்டதாம். அவர் பூசிய சுவர்கள் திண்டிவனத்தில் எத்தனையோ நிற்கின்றன. அவற்றைக் காட்டி எனக்குப் பேசத் தெரியாது. இந்த விரலைப் பற்றிப் பேசுவேன்.

ஆனால் சிமெண்ட் கலவையில் கை வைத்தால் ரேகை மறுபடியும் மங்குகிறது. பழைய ஆதார் பதிவே தேய்ந்த விரலில் எடுத்தது. தெளிவாக இருக்கும்போது புதிதாகப் பதிந்துவிட்டால் இவ்வளவு சிரமம் இருக்காது என்று அப்பா விசாரித்து வைத்திருந்தார். கடைசிச் சனிக்கிழமை வீரம்மாளிடம் சொன்னார்: "புதங்கெழம நானே தாலுகா ஆபீசுக்குக் கூட்டிக்கினு போறேன். அதுவரைக்கும் ஈரக் கலவையத் தொடாத."

செவ்வாயன்று அவரை அடக்கம் செய்தோம். புதன்கிழமையும் போனது.

அடுத்த வாரம் கல்லறையைப் பூச அவருடைய ஆட்களே வந்தார்கள். கூலி பேசவில்லை. ராஜ்குமார் கலவை போட்டான். வீரம்மாள் கலவை அள்ளும் பாண்டு தூக்க வந்தார். வலது கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி, மணிக்கட்டில் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"அவுத்துட்டுத் தூக்குக்கா, வழுக்கும்" என்றான் ராஜ்குமார்.

"மேஸ்திரி இன்னும் கூட்டிக்கினு போவலயே" என்று சொல்லிவிட்டு, வீரம்மாள் இடது கையால் பாண்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.